எண்ணுவதற்கு முன்னால் வெட்டிவிட்டேன்

2024 டிசம்பர் முதல் வாரத்தில் விழுப்புரம் பக்கத்திலிருந்து என் சித்தி மகள் போன் செய்தாள். ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை பெருகி, அவள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து வடிந்திருந்தது. "அக்கா, நீ கஜாவுல பட்டவ. முதல்ல என்ன பண்ணணும்னு சொல்லு" என்றாள். வீட்டைக் கழுவ ஆரம்பித்துவிட்டாயா என்று கேட்டேன். இப்போதுதான் விளக்குமாற்றை எடுத்தேன் என்றாள். கீழே வை என்றேன். அதன்பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். எனக்கு அப்படிச் சொல்ல அன்று யாரும் இருக்கவில்லை. அதனால்தான் அவளிடம் சொன்னதையும், போனில் சொல்ல வெட்கப்பட்டு விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பேராவூரணிக்கும் சேதுபாவாசத்திரத்துக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. 2018இல் கஜா புயல் வந்தபோது வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்தார். வீட்டில் நான், இரண்டாம் வகுப்பு படித்த மகள், அறுபத்தெட்டு வயதான மாமா, மூன்று பேர்தான். மாமியார் காலமாகி நான்கு வருஷம் ஆகியிருந்தது. நவம்பர் 15ஆம் தேதி பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். அரசாங்கம் அந்தத் தடவை எச்சரிக்கையை ஒழுங்காகத்தான் கொடுத்தது, கரையோர மக்களை ஆயிரக்கணக்கில் முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். ஆனால் உள்ளே இருக்கும் எங்களுக்கு மழை வரும் என்ற நினைப்புதான். நள்ளிரவுக்கு மேல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்த புயல், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று நிலத்துக்குள்ளேயே மேற்கே நடந்தது. எங்களுக்கு அது மூன்று மணி வாக்கில் வந்தது. முதலில் ஒவ்வொரு மரமாக விழும் சத்தம் தனித்தனியாகக் கேட்டது. அப்புறம் தனித்தனியாகக் கேட்கவில்லை. மகளைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்து நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். மாமா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் கதவைத் திறந்தால் வாசலில் வெயில் விழுந்தது. தோப்புக்குள் கட்டிய வீடு அது, நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து காலை வெயில் அந்த வாசலுக்கு வந்ததே இல்லை. இரண்டு ஏக்கரில் 142 மரம். எழுந்து நின்றவை பதினொன்று.

முதல் ஐந்து நாட்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்த அரசாங்கமானாலும், எந்தத் தொண்டு நிறுவனமானாலும், அந்த ஐந்து நாளில் உங்கள் வாசலுக்கு வருவார்கள் என்று நம்பி உட்காராதீர்கள். வர மனம் இல்லாமல் இல்லை, வழி இல்லை. நான்கு கிலோமீட்டரிலும் மரமும் மின்கம்பமும் மாறிமாறிக் கிடந்தன. டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் விழுந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. கரண்ட் இல்லை என்றால் போர் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லை என்றால் ஊர் டேங்க்கில் தண்ணீர் இல்லை. கைப்பம்புகளைப் பிடுங்கிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் ஒருவர் ஜெனரேட்டர் கொண்டுவந்து டேங்க்கை நிரப்பினார், வீட்டுக்கு 200 ரூபாய். போன் சார்ஜ் போட 30 ரூபாய். மெழுகுவத்தி விலை மூன்று மடங்கு ஏறியது. என் கையில் இருந்த ரொக்கம் 1,700 ரூபாய், ஏடிஎம் எல்லாம் செத்துக் கிடந்தன. கணக்கில் வீட்டுக்காரர் அனுப்பிய பணம் நாற்பதாயிரம் இருந்தும் ஒரு பாக்கெட் பால் வாங்க யோசித்தேன். அந்த நாட்களில் எங்களைக் காப்பாற்றியது பக்கத்து ஊர் பள்ளிவாசலில் ஆக்கிய சோறு. மரங்களைத் தாண்டித் தாண்டி இளைஞர்கள் அண்டாவைத் தலையில் தூக்கி வந்தார்கள். யார் என்ன என்று கேட்காமல் போட்டார்கள். இன்றைக்கும் அக்டோபர் பிறந்தால் ஐயாயிரம் ரூபாயை நூறும் ஐம்பதுமாக மாற்றி, ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம், பட்டா நகலோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசி டின்னுக்குள் வைத்துவிடுகிறேன்.

ஐந்தாம் நாள் வழி திறந்தது. லாரிகளும் வந்தன, ஆனால் மெயின் ரோட்டோடு நின்றுகொண்டன. ரோட்டோரத்து ஊருக்கு ஒரே நாளில் நான்கு லாரி, உள்ளே இருக்கும் எங்களுக்கு ஒன்றுமில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் தினமும் நடந்து போய் ரோட்டில் கைநீட்டி நின்றோம். நானும் நின்றேன். பள்ளியில் பாடம் நடத்தும் டீச்சர் நான். என்னிடம் படித்த பையன் ஒருவன் லாரிமேல் நின்று பிஸ்கட் பாக்கெட்டை வீச, அதை எட்டிப் பிடித்தேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த பாக்கெட்டை வீசாமல் இறங்கி வந்து கையில் கொடுத்தான். அன்று இரவு அழுத அழுகையை மரங்கள் விழுந்ததற்குக்கூட நான் அழவில்லை. சில ஊர்களில் பொறுமை இழந்து மறியலில் உட்கார்ந்தார்கள், போலீஸ், கைது என்று போனது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவுக்குப் பின்னால், வாய்க்காலைத் தாண்டி காலனி இருக்கிறது. எங்களுக்கு மரம் போனது, அவர்களுக்கு வீடே போனது. கீற்றுக் கூரை ஒன்றுகூட மிஞ்சவில்லை. உள்ளே வந்த முதல் இரண்டு வண்டிகளும் எங்கள் தெருவிலேயே காலியாகிவிட்டன. தலைக்குமேல் காங்கிரீட் இருந்த நான் ஒரு தார்ப்பாய் வாங்கி வைத்திருந்தேன், எதற்கென்றே தெரியாமல், எல்லோரும் வாங்குகிறார்களே என்று. காலனியிலிருந்து எங்கள் தோப்பில் காய் பொறுக்க வரும் அக்கா, ஆறு மாதக் கைக்குழந்தையான பேத்தியைச் சேலைக்கு அடியில் வைத்துக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. தார்ப்பாயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, மூன்று நாள் தாமதமாகக் கொடுத்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

அன்று மாலை மகளின் கணக்கு நோட்டைக் கிழித்துக்கொண்டு வீடுவீடாகப் போனேன், காலனியில் ஆரம்பித்து. குடும்பத் தலைவர் பெயர், ரேஷன் கார்டு எண், எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, கர்ப்பிணி உண்டா, சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர் உண்டா, கூரை முழுதாகப் போனதா பாதியா, இப்போது என்ன வேண்டும். 83 வீடு, இரண்டு மாலை ஆனது. கார்பன் பேப்பர் வைத்து நான்கு பிரதி எழுதி, ஒன்றை ஊராட்சியில் கொடுத்துவிட்டு, மீதியோடு மெயின் ரோட்டில் நின்றேன். இந்தத் தடவை கைநீட்டாமல், காகிதத்தை நீட்டினேன். திருப்பூரிலிருந்து வந்திருந்த பையன்கள் அதை வாங்கிப் படித்துவிட்டு, "இப்படி யாருமே தரலக்கா" என்றார்கள். மறுநாள் நாற்பது தார்ப்பாயும், மரம் அறுக்கும் மிஷின் இரண்டும் வந்தன. உதவ வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு யாரிடம் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்றே தெரிவதில்லை. அது தெரியாததால்தான் ரோட்டில் நின்று வீசிவிட்டுப் போகிறார்கள். உங்கள் ஊரின் கணக்கு உங்கள் கையில் இருந்தால் வண்டி உள்ளே வரும். அரசாங்கம் 27 வகைப் பொருட்கள் அடங்கிய நிவாரணப் பை அறிவித்தபோதும், யாருக்கு வந்தது யாருக்கு விட்டுப்போனது என்று பார்க்க அந்த நோட்டுத்தாள்தான் உதவியது.

அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய துணி அனுப்பாதீர்கள். எங்கள் ஊர் சமுதாயக்கூடத்தின் ஒரு மூலையில் மனிதர் உயரத்துக்குப் பழந்துணி கிடந்து, நனைந்து, கடைசியில் அதை அகற்றுவதே ஒரு வேலையாகப் போனது. பிஸ்கட்டும் பிரெட்டும் நாய்க்குப் போடும் அளவுக்கு வந்தன. கொசுவத்தி வரவில்லை. டார்ச் வரவில்லை. கழிப்பறைக்கு மறைப்பாக இருந்த கீற்றுத் தட்டி பறந்துவிட்டதால் பெண்கள் இருட்டும் வரை காத்திருந்தார்கள், அதை எந்த ஆண் தன்னார்வலரும் கேட்கவில்லை. ஒரே ஒரு குழுவில் வந்த பெண் மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "நாப்கின் இருக்கா, உள்ளாடை இருக்கா?" என்று கேட்டாள். அவள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

இனி நான் பணத்தை விட்ட கதை. முதல்வர் நிவாரணத்தை அறிவித்தார். சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு வைத்து 1,92,500 ரூபாய். எங்களுக்கு 131 மரம், ஒரு லட்சத்து நாற்பத்து நான்காயிரத்துச் சொச்சம் வர வேண்டும். ஆனால் அறிவிப்பு வருவதற்கு முன்பே, வீட்டுக்குப் போகும் பாதையிலும் மாட்டுக்கொட்டகை மேலும் கிடந்த 35 மரங்களை ஆள் வைத்து அறுத்து, செங்கல் சூளைக்காரரிடம் மரம் ஐம்பது ரூபாய்க்குத் தள்ளிவிட்டிருந்தேன். அறுக்கக் கூலி அதைவிட அதிகம். பதினோராம் நாள் விஏஓ கணக்கெடுக்க வந்தார். கிடந்ததை எண்ணினார், 96. அறுத்ததற்கு அடையாளம் என்ன என்றார். தூரைக் காட்டினேன். பழைய தூராகவும் இருக்கலாமே என்றார். போட்டோ இருக்கிறதா என்றார். போனில் சார்ஜ் இருந்த நாட்களில் நான் போட்டோ எடுக்கவில்லை, மகளுக்கு லைட் வேண்டுமே என்று மிச்சம் பிடித்தேன். அவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. மூன்று ஊருக்கு ஒரே ஆள், அவர் வீட்டு ஓடே பறந்திருந்தது, சட்டைப் பையில் சர்க்கரை மாத்திரையோடு வெயிலில் மரம் எண்ணிக்கொண்டிருந்தார். ஆனாலும் 38,500 ரூபாய் போனது போனதுதான்.

என்ன செய்திருக்க வேண்டும் என்பதை மாமாதான் பிறகு கண்டுபிடித்தார். மிச்சம் கிடந்த ஒவ்வொரு மரத்திலும் சுண்ணாம்பால் எண் எழுதினார், ஒன்று, இரண்டு, மூன்று என்று. நீங்கள் அதை முதல் நாளே செய்யுங்கள். எண் தெரியும்படி போட்டோ, பின்னால் உங்கள் வீடோ கிணறோ அடையாளத்துக்குத் தெரிய வேண்டும், முடிந்தால் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். வழியை அடைக்கும் மரத்தை அறுத்தே ஆக வேண்டும் என்றால், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரைக் கூப்பிட்டு எண்ணிக் காட்டி ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வையுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்தாலும் இதேதான், சுவரில் நின்ற கறையைப் படம் எடுக்காமல் கழுவாதீர்கள்.

அடுத்த சிக்கல் காகிதம். நிலத்தின் ஒரு துண்டு மாமாவும் அவர் அண்ணனும் சேர்ந்த கூட்டுப்பட்டாவில் இருந்தது. பெரிய மாமா இறந்து ஏழு வருஷம், வாரிசுகள் யாரும் பெயர் மாற்றவில்லை. அண்ணன் தம்பிக்குள் என்ன எழுத்து என்று விட்டுவைத்திருந்தார்கள். வங்கிப் புத்தகத்தில் மாமாவின் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. தாலுகா அலுவலகத்துக்கு ஐந்து நடை. கடைசியில் ஒரு திங்கட்கிழமை, தஞ்சாவூர் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். போக வர ஒரு நாள், ஒரு நாள் சம்பளம். மனுவைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், பதிவு எண் போட்ட ரசீதை வாங்குங்கள். அதற்கு முன்னால் ஐந்து தடவை வாயால் கேட்டதற்கு "பார்க்கலாம்மா" என்றவர்கள், ரசீது எண்ணைச் சொன்ன பிறகு கோப்பை எடுத்தார்கள். பிப்ரவரி கடைசியில் பணம் ஏறியது, 96 மரத்துக்கு 1,05,600. அவ்வளவு நாளும் அலைந்த செலவைக் கணக்குப் பார்த்தால் ஒன்பதாயிரத்துக்குப் பக்கம்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், தென்னைக்கென்றே காப்பீட்டுத் திட்டம் ஒன்று அப்போதே இருந்தது. தென்னை வளர்ச்சி வாரியம் பாதி, மாநில அரசு கால் பங்கு பிரீமியம் கட்டிவிடும். பதினாறு வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு நம் பங்கு மூன்றரை ரூபாய், மரம் செத்தால் 1,750. 142 மரத்துக்கு வருஷம் ஐந்நூறு ரூபாய்கூட வராது, கிடைத்திருக்கக்கூடியது இரண்டு லட்சத்துக்கு மேல். எங்கள் ஊரில் ஒருவர்கூடக் கட்டியிருக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதாகவே புயலுக்குப் பிறகுதான் கேள்விப்பட்டோம்.

கடன்காரர்கள் மட்டும் சரியாக வந்தார்கள். இரண்டாவது வாரமே ஒரு தனியார் நிறுவனத்தின் குழுக்கடன் வசூல்காரர் பைக்கில் வந்து, கூரையில்லாத வீட்டு வாசலில் பெண்களை உட்கார வைத்துத் தவணை கேட்டார். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் கட்ட வேண்டும், அதனால் பெண்களுக்குள்ளேயே சண்டை. நான் பயந்துகொண்டு தாலிக்கொடியில் கோத்திருந்த குண்டு இரண்டை விற்று என் தவணையையும் இன்னொருத்தி தவணையையும் கட்டினேன். அதற்கு முன்னால் விசாரித்திருக்க வேண்டும். பேரிடர் அறிவித்த பகுதியில், பயிர்ச்சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் வங்கிகள் விவசாயக் கடனைத் தள்ளிவைத்து மறுசீரமைக்க ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலே அப்போது இருந்தது. வங்கியானால் மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள், குழுக்கடனானால் குழுவாகச் சேர்ந்து கலெக்டருக்கு எழுதுங்கள். தனியாகப் பேசப் போனால் பயமுறுத்தி அனுப்பிவிடுவார்கள்.

மாமாவைப் பற்றிச் சொல்லத்தான் கை தயங்குகிறது. மரத்துக்கு எண் எழுதி முடித்த அன்றிலிருந்து அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சோறு வைத்தால் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார். இரவில் எழுந்து போய், விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருப்பார். அந்த மரங்களில் பாதி அவர் கல்யாணம் ஆன வருஷம் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தவை. சுற்றுவட்டாரத்தில் தென்னை விவசாயிகள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் வந்துகொண்டிருந்தன. ஒரு நாள் கொட்டகையில் இருந்த பூச்சிமருந்தையெல்லாம் எடுத்துப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கொடுத்து, எங்கேயோ வைத்துக்கொள்ளுங்கள், எங்கே என்று எனக்கும் சொல்லாதீர்கள் என்றேன். மாமாவிடம் நேராகக் கேட்க எனக்கு தைரியம் வரவில்லை. கேட்டது அரசு மருத்துவ முகாமுக்கு வந்த நர்ஸ். காய்ச்சல் மாத்திரைக்காக நின்றவரைப் பார்த்துவிட்டு, "ஐயா, எத்தனை நாளா தூங்கல?" என்றார். பிறகு நேராகவே, "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, அப்படிக் கேட்டால் எண்ணத்தை விதைத்ததாகிவிடாதா என்று. மாமா ஆமென்று தலையை ஆட்டினார், பிறகு அரை மணி நேரம் அழுதார். பட்டுக்கோட்டையில் மனநல மருத்துவரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டார். வீட்டில் யாராவது இப்படி ஒடுங்கிப் போனால் நேராகக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள், 104க்குக் கூப்பிடுங்கள். இப்போது 14416 என்ற டெலிமானஸ் எண்ணும் இருக்கிறது, தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை. நிவாரணத்துக்கு நாயாய் அலைந்த எனக்கு இதற்கு ஓர் எண் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

இருபத்தொன்பதாம் நாள் கரண்ட் வந்தது. வெளி மாவட்டத்து மின்வாரிய ஊழியர்களோடு கேரளாவிலிருந்தும் ஆட்கள் வந்து டெல்டாவில் வேலை பார்த்தார்கள். அந்த ஆகஸ்டில்தான் அங்கே பெருவெள்ளம், எங்கள் பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து அரிசி அனுப்பியிருந்தார்கள். சேற்றில் முழங்கால் புதைய கம்பத்தைத் தோளில் தூக்கி வந்தவர்களுக்கு நாங்கள் கொடுக்க முடிந்தது விழுந்த மரத்தின் இளநீர்தான். நிவாரணத்துக்காகச் சேர்ந்த எங்கள் பக்கத்து இளைஞர்கள் கலைந்து போகாமல் கைஃபா என்று சங்கம் வைத்து, 2019இல் பேராவூரணி பெரிய குளத்தைத் தூர்வார இறங்கினார்கள். கேமராவும் பேனரும் போன பிறகு மிஞ்சுகிறவர்கள் யார் என்று அப்போதுதான் தெரிந்தது.

சித்தி மகளிடம் இவ்வளவையும் ஒழுங்காகச் சொன்னேனா என்றால் இல்லை, முன்னும் பின்னுமாகச் சொன்னேன். ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய் என்று அறிவித்திருக்கிறார்களே, அது போதுமே என்றாள். அது எல்லோருக்கும் பொது, உன் வீட்டுச் சேதத்துக்குத் தனியாக மனு எழுது, 1077க்குக் கூப்பிட்டும் சொல்லி வை என்றேன். சாயங்காலம் போட்டோக்கள் அனுப்பினாள். சுவரில் பழுப்புக் கறை, பக்கத்தில் தையல் டேப்பைப் பிடித்தபடி அவள் மகன். மாமா என் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பீரோ இருக்கற சுவத்தையும் எடுக்கச் சொல்லு" என்றார்.